காக்கைச் சோறும் கறிவேப்பிலைச் செடியும்: சிங்கப்பூர்த் தமிழரும் நகரத்துப் பறவைகளும்

தோட்டத்தில் தானியக் கூடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதை நாடி வரும் காட்டுப் பறவைகளைச் சன்னல் வழியே பார்த்து மகிழும் வழக்கம் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. தமிழரிடையே அதற்கு நெருங்கிய வழக்கம், கூரையின்மீதோ கொல்லைச் சுவரின்மீதோ காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது. முன்னதில் பறவையைப் பார்ப்பதே பயன், உணவு அதற்கான வழி; பின்னதில் கொடுப்பதே கடமை, பறவை வந்து உண்பது அக்கடமை நிறைவேறியதற்கு அடையாளம். சிங்கப்பூரில் இவ்விரண்டுக்கும் இன்று சட்டத்தில் இடமில்லை. 1965ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் திருத்தப்பட்டு, வனவிலங்குச் சட்டம் என்ற புதுப்பெயருடன் 2020 ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது, அதுவரை பெரும்பாலும் பூங்காக்களையும் இயற்கைக் காப்பகங்களையும் தழுவியிருந்த உணவூட்டத் தடை தீவு முழுவதற்கும் விரிந்தது. முதல்முறை மீறுவோருக்கு 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் மீறுவோருக்கு 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். புறாக்களுக்கு இரை போடுவது அதற்கு முன்பே தடை செய்யப்பட்டிருந்தது.

இத்தடை பழைய அறம் ஒன்றை வெட்டிவிட்டதாக வருந்தும் பெரியவர்கள் பலர் உள்ளனர், அவ்வருத்தம் மதிக்கத்தக்கது. எனினும், பறவைகளின் வாழ்க்கைமுறையையும் இந்நகரத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, சோறு வைப்பதைக் காட்டிலும் பறவைகளுக்கு நன்மை தருவதும் சட்டத்துக்கு உட்பட்டதுமான வழியொன்று தமிழ்க் குடும்பங்களின் வாசலிலேயே தொட்டியில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது புலப்படும். அதை எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

காக்கைக்கு உணவிடும் மரபு மிகத் தொன்மையானது. பிரிந்த தலைவன் திரும்பி வரும்வரை தலைவி ஆற்றியிருந்ததற்குக் காரணம், விருந்து வரும் என்று அறிவித்துக் கரைந்த காக்கையே என்றும், அதற்கு ஏழு கலங்களில் நெய்ச்சோறு ஏந்திக் கொடுத்தாலும் அது சிறிதே என்றும் குறுந்தொகையின் 210ஆம் பாடலில் தோழி கூறுகிறாள். அப்பாடலைப் பாடிய நச்செள்ளையார் அதனாலேயே காக்கைபாடினியார் என்னும் அடையைப் பெற்றார். அமாவாசை நாள்களிலும் திதி நாள்களிலும் முன்னோருக்குப் படைத்ததில் முதற்கவளத்தைக் காக்கைக்கு வைப்பதும், பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளை வரிசையாக வைத்து உடன்பிறந்தாரின் நலம் வேண்டும் கணுப்பிடியும் இன்றும் நடைமுறையில் உள்ளவை. இம்மரபுகள் எழுந்த சூழலை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு இடைவெளி இருந்த ஊரில், ஒரு கூரைக்கு ஒன்றிரண்டு காக்கைகள் வந்து ஒரு கவளத்தை எடுத்துச் சென்றன. மீதி நேரம் முழுவதும் வயலிலும் வரப்பிலும் புழுவும் பூச்சியும் தேடியே அவை பிழைத்தன. ஒரே கட்டடத்தில் நூறு குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும் நகரத்தில் அதே கவளம் நூறு மடங்காகிறது. அதை உண்ணும் பறவைகளும் பெருகுகின்றன.

சிங்கப்பூரில் காணப்படும் வீட்டுக் காக்கை, அதாவது கழுத்தில் சாம்பல் நிறம் படர்ந்த காக்கை, இம்மண்ணுக்கு உரியதன்று. இங்கே இயல்பாக வாழ்ந்தது உடல் முழுதும் கருத்த, பருத்த அலகுடைய அண்டங்காக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் இலைகளைத் தின்று அழித்த கம்பளிப்புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து வீட்டுக் காக்கைகள் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டன. தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த அதே காலம் அது. காப்பி அழிந்து ரப்பர் வந்த பிறகும் காக்கைகள் தங்கிவிட்டன. துறைமுகங்களை ஒட்டியும் கப்பல்களில் தொற்றியும் பரவிய அவை 1940களில் சிங்கப்பூரில் காணப்பட்டன. திறந்த குப்பைத் தொட்டிகளும் உணவுக் கடைகளும் தந்த வளத்தில் பல்லாயிரமாகப் பெருகியதால், துப்பாக்கி வீரர்களை அமர்த்தி அவற்றைச் சுட்டுக் குறைக்கும் நடவடிக்கை பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் பிஷான் வட்டாரத்தில் காக்கைகள் வழிப்போக்கர்களின் தலையைத் தாக்கியதும் செய்தியானது. குஞ்சு கூட்டைவிட்டு வெளியேறும் பருவத்தில் தாய்தந்தைக் காக்கைகள் அப்படித்தான் நடந்துகொள்ளும். அது பறவையின் குற்றமன்று. மனிதர் நடமாட்டம் மிகுந்த இடத்தில் அத்தனை கூடுகள் இருக்கும் அளவுக்கு உணவு கிடைத்ததே சிக்கலின் வேர்.

லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவின் ஈரச்சந்தையிலும் அதன் உணவங்காடியிலும் மிகுதியாகத் தென்படுவது காக்கையன்று, மைனா. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர் அதை ஊரில் பார்த்த நாகணவாய் என்றே எண்ணக்கூடும். சற்று நெருங்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஊர் மைனாவின் உடல் பழுப்பு நிறமானது. அதன் கண்ணைச் சுற்றி மஞ்சள் நிறத் தோல் பட்டையாக இருக்கும். மேசையில் மிஞ்சிய புரோட்டாத் துணுக்கைக் கொத்திக்கொண்டு தாவும் இப்பறவையோ கருஞ்சாம்பல் நிறமுடையது. கண்ணருகே மஞ்சள் தோல் இல்லை. அலகுக்கு மேலே நெற்றியில் சிறு குஞ்சம் நிமிர்ந்து நிற்கும். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். இது சாவகத்துக்கு, அதாவது ஜாவாவுக்கு, உரிய மைனா. கூண்டுப் பறவை வணிகத்தின் வழியாக 1920களில் இங்கு வந்து, தப்பிப் பெருகி, இன்று தீவின் மிகப் பரவலான பறவைகளுள் ஒன்றாக உள்ளது. தாயகமான சாவகத்திலோ கூண்டு வணிகத்துக்காக ஓயாது பிடிக்கப்பட்டதால், அழியும் வாய்ப்புள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே பறவை பிறந்த நாட்டில் அரிதாகவும் வந்த நாட்டில் மிகையாகவும் இருப்பதற்கு மனிதரின் கையே இரு பக்கமும் காரணம். சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதி 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் கண்டிப்பாக்கப்பட்டபோது, மேசையில் விடப்படும் மிச்சம் பறவைகளை ஈர்ப்பதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று.

சந்துகளில் கூட்டமாக இறங்கும் மாடப்புறாவின் கதை வேறு. அரிசியை இறைப்பதால் விளையும் கேட்டை அதைக் கொண்டே தெளிவாக விளக்கலாம். மாடப்புறா இயல்பில் பாறை விளிம்புகளில் கூடு கட்டும் பறவை. கடைவீடுகளின் சன்னல் மேற்கட்டும், கோபுரச் சிற்பங்களின் இடுக்கும், மேம்பாலத்தின் அடிப்புறமும் அதற்குப் பாறை விளிம்பாகவே பயன்படுகின்றன. பெரும்பாலான சிறு பறவைகள் தாம் எதைத் தின்றாலும் குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியுமே கொடுக்கும். வளரும் உடலுக்குப் புரதம் வேண்டும், அது அரிசியில் மிகக் குறைவு. ஆகவே எவ்வளவு அரிசி இறைத்தாலும் அவற்றின் குஞ்சுகள் பெருகுவதில்லை. புறாவுக்கு இத்தடை இல்லை. தாயும் தந்தையுமாக இரண்டுமே தொண்டைப்பையின் உட்சுவரில் பாலைப் போன்ற கொழுப்பும் புரதமும் நிறைந்த பொருளைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். இதனைப் புறாப்பால் என்பர். தானியம் கிடைத்தால் போதும், அதைக் குஞ்சு உணவாக மாற்றிக்கொள்ளும் உடலமைப்பு புறாவிடம் உண்டு. ஆண்டு முழுவதும், ஈட்டுக்கு இரண்டு முட்டைகளாக, அது இனம் பெருக்கும். எல்லா உயிருக்கும் என்று எண்ணி ஒருவர் இறைக்கும் அரிசி, உண்மையில் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. அதன் எச்சம் சேரும் இடங்களில் நோய்க்கிருமிகளும் சேர்கின்றன. அத்தெருவைக் கழுவும் துப்புரவாளர்களே அவ்வறச்செயலின் விலையை முதலில் கொடுக்கிறார்கள்.

பிரிட்டனில் பறவைக்கு உணவிடுவது குற்றமன்று, அது ஒரு தேசியப் பழக்கம் என்றே சொல்லலாம். ஆயினும் அங்கும் கடந்த இருபதாண்டுகளில் கவலை வளர்ந்துள்ளது. 2005 முதல், உணவையும் தண்ணீரையும் எச்சிலால் மாசுபடுத்திப் பரவும் ஒட்டுண்ணி நோய் ஒன்று கிரீன்ஃபிஞ்ச் எனப்படும் சிறு பறவைகளைப் பெருமளவில் அழித்தது. நோயுற்ற பறவையும் நலமுள்ள பறவையும் ஒரே தட்டில் கூடுவது அதற்கு வழிவகுத்தது. இதனால், பறவைப் பாதுகாப்பில் நூறாண்டு கடந்த அந்நாட்டுச் சங்கமே தட்டையான இரைமேசைகளின் விற்பனையை 2025இல் நிறுத்திவைத்தது. குளிர்காலத்தில் பனி மூடிய நிலத்தில் பறவைக்கு இரை கிட்டாது என்ற நியாயம் அந்நாட்டுக்கேனும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் அமைந்து, ஆண்டு முழுதும் பழமும் பூச்சியும் விளையும் சிங்கப்பூரில் அந்த நியாயமும் இல்லை.

இங்கே கோடைக்காலம் என்று தனியே ஒரு பருவம் இல்லை. வடநாடுகளில் கோடையாகிய ஜூன், ஜூலை மாதங்களில் சிங்கப்பூரில் வலசைப் பறவைகள் இரா. கிழக்காசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும் ஈப்பிடிப்பான்களும் உள்ளான்களும் அப்போது வடக்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். பறவை ஆர்வலர் பலர் தொலைநோக்கியை உள்ளே வைத்துவிடும் அம்மாதங்களே, வீட்டை விட்டு நகராமல் பறவை பார்க்க ஏற்ற காலம். ஏனெனில் உள்ளூர்ப் பறவைகளின் கூடுகட்டும் பருவத்தின் பெரும்பகுதி ஆண்டின் முற்பாதியில் அமைகிறது, அக்கூடுகளில் சில வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளின் பொது நடைவழியிலேயே அமைகின்றன.

மஞ்சள் வயிறுடைய தேன்சிட்டை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விரல் நீளமே உள்ள இப்பறவையின் ஆணுக்குத் தொண்டையில் கருநீலம் உலோகம்போல் மின்னும். பெண்ணுக்குத் தொண்டை முதல் வயிறு வரை ஒரே மஞ்சள். தொட்டிச் செடியின் தாழ்ந்த கிளையிலோ, துணி காயும் கம்பியின் நுனியிலோ பெண்பறவை கூடு கட்டத் தொடங்கும். முதலில் சிலந்தி நூலைக் கொண்டுவந்து கிளையைச் சுற்றிப் பிணைக்கும். பிறகு உலர்ந்த புல், இலைத்துணுக்கு, பஞ்சு ஆகியவற்றை அந்நூலிலேயே ஒட்டிப் பை வடிவில் தொங்கவிடும். உள்ளே புகுந்து உடலைச் சுழற்றி அதற்கு வயிறு உண்டாக்கும். பக்கவாட்டில் வாயில் அமைத்து, மழை உள்ளே அடிக்காதவாறு அதற்குமேல் சிறு தாழ்வாரமும் கட்டும். அடியில் வால்போல் குப்பை தொங்குவதால், அறியாதவர் கண்ணுக்கு அது காற்றில் சிக்கிய தூசியாகவே தெரியும். அடை காப்பது பெண் மட்டுமே. ஊட்டுவதில் ஆணும் சேரும். தேனை உண்டு வாழும் இவையும் குஞ்சுக்குக் கொண்டுவருவது சிலந்தியும் பச்சைப்புழுவும்தான். குஞ்சு வளர்ந்து பறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை அச்செடியை நகர்த்தாமலும், கூட்டருகே கைபேசியை நீட்டாமலும் இருப்பது அவ்வீட்டார் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி.

இவ்விடத்தில் கறிவேப்பிலைச் செடியின் பெருமை விளங்கும். தமிழர் குடியிருக்கும் தளங்களில் அச்செடி வைக்கப்பட்ட தொட்டியைக் காண்பது எளிது. இரசத்துக்கும் தாளிப்புக்கும் என்று வளர்க்கப்படும் அதன் இலைகளில் எலுமிச்சை இனத்தைச் சார்ந்து வாழும் அழகிய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. அவற்றின் புழுக்கள் கொண்டைக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும் குஞ்சு உணவாகின்றன. செடி ஆளுயரத்தைக் கடந்து காய்க்கத் தொடங்கினால், பச்சையிலிருந்து சிவந்து பின் கருக்கும் அதன் சிறு பழங்களைத் தேடிக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். புழு அரித்த இலையைக் கண்டதும் மருந்து தெளிக்காமல் இரண்டு கிளைகளைப் பறவைகளுக்கென விட்டுவிடும் குடும்பம், எந்தத் தானியக் கூட்டாலும் தர முடியாத விருந்தை வைத்துவிடுகிறது. செம்பருத்தியும் இட்லிப்பூவும் இதே வரிசையில் வருபவை. செம்பருத்தியின் நீண்ட குழலுக்குள் அலகை விட இயலாத தேன்சிட்டு, பூவின் அடியில் துளையிட்டுத் தேனை உறிஞ்சுவதை அருகிலிருந்தே பார்க்கலாம். பறவைக்கென்று தண்ணீர்த் தட்டு வைப்பது மட்டும் இங்கே தவிர்க்கத்தக்கது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தட்டிலேயே முட்டையிடும்.

குயிலைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் விருந்தாளியாக வந்துபோன குயில், 1980களுக்குப் பிறகு இங்கேயே தங்கிப் பெருகியது. தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடும் பறவை அது. காக்கை பெருகியதால் அதற்குக் கூடு கிடைத்தது, வீவக வளாகங்களில் நடப்பட்ட பனையினச் செடிகளின் பழம் உணவானது. விடியலுக்கு முன்பே ஏறுகுரலில் கூவும் குயிலைப் பற்றி இன்று நகர மன்றங்களுக்குப் புகார்கள் செல்கின்றன. தமிழ்க் கவிதை தலைமுறை தலைமுறையாகப் போற்றிய குரலை விரட்ட வேண்டிய ஓசையாகக் கருதுவதற்குமுன், அக்குயிலை இங்கு வரவழைத்தது காக்கை என்பதையும், காக்கையைப் பெருக்கியது மனிதர் விட்ட எச்சில் உணவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிராங்கூன் ரோட்டின் வழியே வடகிழக்காகச் சென்றால் வரும் பிடாடரி, பறவைக்கு இடம் விடுவது என்பதன் மற்றொரு வடிவத்தைக் காட்டும். கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்த பழைய இடுகாடு அது. 1972இல் அடக்கம் நிறுத்தப்பட்டபின் மரங்கள் அடர்ந்து, வலசைப் பறவைகள் இளைப்பாறும் சோலையாயிற்று. அங்கே வீடமைப்புப் பேட்டை எழுந்தபோது, இயற்கை ஆர்வலர்களின் வேண்டுகோளுக்குப்பின் மரங்கள் நிறைந்த குன்றுப் பகுதி பூங்காவாக விடப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. இழந்த பரப்போடு ஒப்பிட்டால் எஞ்சியது சிறிதே. ஆயினும் அக்குன்றில் ஒருவரும் ஒரு மணி அரிசியும் இறைப்பதில்லை, பறவைகள் வருகின்றன.

தமிழ் மரபுக்கு இது புதிய பாடமும் அன்று. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் நாரைகளையும் கொக்குகளையும் சுட வந்தவர்களைத் தடுத்து, 1798ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியரிடம் பாதுகாப்பு ஆவணம் பெற்ற ஊரார் அப்பறவைகளுக்கு ஒருநாளும் இரை வைத்ததில்லை. கூடு கட்டிய மரத்தைத் தொடாமல் விட்டார்கள், எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பதை மக்கள் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். காக்கைக்குச் சோறு வைத்த அதே மரபின் மறுபாதி இது. குழந்தைகளுக்குச் சொல்லப்படுவது முதற்பாதி மட்டுமே என்பது பெரிய குறை. சிங்கப்பூர்ச் சூழலில் முன்னோர் நினைவுக்கான படையலை வீட்டுக்குள்ளேயே படைத்து, குடும்பத்தோடு பகிர்ந்து உண்டு, அந்நாளின் நினைவாகக் காய்க்கும் செடியொன்றை வளர்ப்பது அம்மரபுக்கு ஒவ்வாத செயலாகாது. கோயில்களின் அறிவிப்புப் பலகைகளும் தமிழாசிரியர்களும் இதைச் சொல்ல முன்வர வேண்டும். அபராதத்தைச் சொல்லி அச்சுறுத்துவதைக் காட்டிலும் காரணத்தைச் சொல்லி விளக்குவது பெரியவர்களிடம் செல்லும்.

சிங்கப்பூரில் இதுவரை 400க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. தேசியப் பூங்காக் கழகம் 2015இல் தொடங்கிய பூங்காப் பறவைக் கணக்கெடுப்பில் பறவை நூல் அறியாத பொதுமக்களும் சிறு பயிற்சிக்குப்பின் பங்கேற்கலாம். 1954இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் கிளையாகத் தோன்றி 1991இல் தனித்து இயங்கத் தொடங்கிய சிங்கப்பூர் இயற்கைச் சங்கமும் பறவை பார்க்கும் நடைகளை நடத்துகிறது. லிட்டில் இந்தியாவிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடும் தாத்தா பாட்டியோடும் அவற்றில் சேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னோட்டமாக, வரும் ஜூன் விடுமுறையில் ஒரு காலை அரைமணி நேரம் தங்கள் நடைவழியில் நின்று, வந்துபோகும் பறவைகளைத் தமிழ்ப் பெயரோடு ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும்.